பிரான்ஸ் மாத்திரை

"வேற ஏதாச்சும் குடுக்கறீங்களாம்மா? கஷாயம், லேகியம், பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு ஏதாவது?" என்று டாக்டர் சோமசேகரன் கேட்டபோது ஜெனேவியேவ் நெஞ்சில் கை வைத்து, "சத்தியமா இல்லீங்க டாக்டர்" என்றாள்.

அப்போது அவள் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பின்னால் அவள் சொன்ன இன்னொரு "இல்லை"தான் வேறு மாதிரியானது. இந்த முதல் "இல்லை" பச்சைக் குழந்தை சொல்வது போன்ற சுத்தமான "இல்லை".

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கணவர் ரெனே இரண்டு கம்பளிக்குள் கிடந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். சித்திரை மாதம். காரைக்காலில் தார் ரோடு இளகும் வெயில். மின்விசிறியை நிறுத்தியும் அந்த மனிதரின் பல் கிட்டிப்போய்க் கட்டில் கம்பியே லேசாகச் சத்தம் போட்டது. காய்ச்சல் வந்து இது மூன்றாம் நாள். ஊசிக்கு மேல் ஊசி மாற்றியும் இறங்கவில்லை.

ரெனேவுக்கு அறுபத்தெட்டு வயது. இருபது வருடம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். தெருவில் அவர்கள் வீட்டுக்கு இன்றைக்கும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் பெயர். ஏழு மாதத்துக்கு முன் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவாள். நரம்பு கிடைக்கவில்லை என்று அவருடைய மேல் கையில் மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வெளியே தெரிவது ஒரு விரல் நீளம்தான். உள்ளே அது நெஞ்சுவரை போகிறதாம். அடைத்துக்கொள்ளாமல் இருக்க, வாரத்துக்கு இரண்டு முறை அதில் உப்புத் தண்ணீர் ஏற்றிக் கழுவ வேண்டும். இந்தக் காரைக்கால் ஆஸ்பத்திரி நர்ஸ் ஷஃபீனா அதை ஜெனேவியேவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கவனக்குறைவான பெண் என்று ஜெனேவியேவை யாரும் சொல்ல முடியாது. எதைக் கொடுத்தாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று பாண்டிச்சேரியில் சொன்னார்கள். அவளும் கேட்டாள். பப்பாளி இலைச் சாறு? வேண்டாம் என்றார்கள், நிறுத்தினாள். நிலவேம்பு? வேண்டாம். அதுவும் போயிற்று. சுக்குத் தண்ணீருக்குக்கூட போன் போட்டு அனுமதி வாங்கினாள். இப்படி நிலவேம்புக்கும் சுக்குக்கும் அனுமதி கேட்டவள் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது பிரான்ஸிலிருந்து வந்தது.

பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களில் வலீஸ் பிரிக்கும் வைபவத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். யாராவது பாரிஸிலிருந்து வந்து இறங்கினால் அந்தப் பெரிய பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறப்பார்கள். சோப்பு, சென்ட், சாக்லேட், நாற்றமடிக்கும் சீஸ் எல்லாம் வரும். கூடவே முட்டிக்குத் தடவும் களிம்பு, தலைவலி மாத்திரை, இருமல் மருந்து. இவற்றையெல்லாம் உறவுக்கும் தெருவுக்கும் பங்கு போட்டுக் கொடுக்காவிட்டால் அந்த வீட்டுக்குப் பெயர் கெட்டுவிடும். வலீஸில் வந்த மாத்திரையைப் பற்றி எந்த மனிதரும் எந்த டாக்டரிடமும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அது மருந்தோடு சேராது, சாக்லேட்டோடு சேரும்.

மகள் ஆமெலி அங்கே இருக்கிறாள். அப்பாவுக்கு மருந்து ஏற்றிய பிறகு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று போனில் கேட்டவள், மருந்துக் கடையில் ஆறு பெட்டி மாத்திரை வாங்கினாள். யாருக்கு, என்ன நோய் என்று கடைக்காரியிடம் சொல்லவில்லை. அங்கே பயணம் போகிறவர்கள் வயிற்றுக்காகச் சாதாரணமாக வாங்கிப் போவதுதான். பங்காளி ழெரோம் போன மாதம் வந்தபோது வலீஸில் கொண்டுவந்தான். ரெனே பெட்டியைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல, லெவ்யூர். ஞாயித்துக்கிழம ரொட்டி மாவு பொங்கறதுக்குப் போடுவோமில்ல, அதோட பங்காளி. வயித்துக்குள்ள போயி நல்லது செய்யற கிருமியாம்."

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சீட்டை அவர் விரிக்கவில்லை. எழுத்துப் பொடியாக இருந்தது, கண்ணாடி மாடியில் இருந்தது. ஜெனேவியேவுக்குப் பிரெஞ்சில் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது.

மாத்திரை நன்றாகவே கேட்டது. நாலே நாளில் வயிறு கட்டுக்குள் வந்தது. வாயெல்லாம் புண்ணாக இருந்ததால் ரெனேவால் முழுசாக விழுங்க முடியவில்லை. அவளே கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தக் குப்பி மாத்திரையை நகத்தால் திருகித் திறந்து, தூளைக் கஞ்சிக் கிண்ணத்தில் தட்டிக் கலக்கி ஊட்டுவாள். ஊட்டி முடித்த கையோடு, கழுவ வேண்டிய நாளாக இருந்தால் குழாயையும் கழுவிவிடுவாள். ஊசியும் பஞ்சும் அங்கேயே அதே ஸ்டூலில் தயாராக இருக்கும்.

டாக்டர் அப்படிக் கேட்டதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, கையில் ஒரு தாளோடு வந்தார். முகத்தில் குழப்பம்.

"ரத்தத்துல என்ன கிருமி இருக்குன்னு வளர வெச்சுப் பாத்தோம்மா. பாக்டீரியா இல்ல. அதான் ஊசி கேக்கல. ஈஸ்ட் வளருது. ரொட்டி மாவுல போடுவாங்கள்ல, அந்த ஜாதி. இது ரத்தத்துக்குள்ள எப்படி வந்துச்சுன்னே புரியல. வீட்டுல பேக்கரி கீக்கரி வெச்சிருக்கீங்களா?"

ஜெனேவியேவுக்குக் காது அடைத்தது. ரொட்டி மாவு. லெவ்யூர். பங்காளி. ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. தன் வலது கைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். அந்தத் தூள் வெள்ளையாக, லேசான புளித்த வாசனையோடு நக இடுக்கில் ஒட்டும். அதை அவள் ஒரு நாளும் சோப்புப் போட்டுக் கழுவியதில்லை. கழுவ என்ன இருக்கிறது, அது அழுக்கா, மருந்துதானே என்று மடியில் கிடக்கும் துணியில் துடைத்துக்கொள்வாள். துடைத்த கையால்தான் குழாயின் மூடியைத் திறப்பாள்.

"வேற ஏதும் குடுக்கலீல்ல?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"இல்லீங்க."

இந்த "இல்லை"யைத்தான் சொன்னேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி எடுக்க அவளால் முடியவில்லை.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்திய புருஷனைத் தன் கையாலேயே சாகடிக்கிறோம் என்ற பயம். அது தெரிந்தால் இந்த டாக்டர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேல் ஆமெலி. அப்பாவுக்கு நான் வாங்கி அனுப்பியதுதான் ரத்தத்தில் கலந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் அவள் அங்கே தனியாக என்ன ஆவாள்? சொல்லி என்ன ஆகப் போகிறது, அவர்கள்தான் கண்டுபிடித்துவிட்டார்களே என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது. இந்த மனசு சமயத்துக்குத் தகுந்த மாதிரி வக்கீல் வேலை பார்க்கக்கூடியது.

அது சொன்னபடியேதான் நடந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார். ஷஃபீனா வந்து ரெனேவின் கையிலிருந்த குழாயை மெதுவாக உருவி எடுத்தாள். "இனிமே இறங்கிடும்மா, கவலப்படாதீங்க" என்றாள். ஜெனேவியேவ் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையையெல்லாம் கைப்பைக்குள் திணித்தாள். ஆறு பெட்டியில் இரண்டு தீர்ந்திருந்தது. மூன்று இருந்தது. ஒன்று குறைந்தது. எங்கே என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசனை முடிந்ததும் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

குஞ்சம்மா.

குஞ்சம்மா கருக்களாச்சேரிக்காரி. மீன் விற்கிறவள். அவள் புருஷன் கதிரவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், திங்களும் வியாழனும் இதே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம். ஒருத்தி பிரெஞ்சுப் பிரஜை, ஒருத்தி மீன்காரி என்பதெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சுக்குத் தெரியாது. இரண்டு வாரம் முன்னால், அவருக்கும் வயிறு சரியில்லை என்று குஞ்சம்மா சொன்னாள். ஜெனேவியேவ் பெருமையோடு ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். பிரான்ஸ் மாத்திரை, நம்ம ஊருல கெடைக்காது. குஞ்சம்மா அடுத்த தடவை வரும்போது சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

கதிரவனுக்குக் கழுத்தில் குழாய். அதுவும் நெஞ்சுவரை போகிற குழாய்.

ஜெனேவியேவ் போன் போட்டாள். உண்மையைச் சொல்லத்தான் போட்டாள். ஆனால் குஞ்சம்மா "என்னக்கா, அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று பாசமாகக் கேட்டதும் நாக்கு வேறு பக்கம் புரண்டது.

"அவரு பரவால்ல. குஞ்சம்மா, நான் குடுத்தேன்ல மாத்திரை, அது கெட்டுப் போன சரக்காம். தூக்கிப் போட்டுடு."

"கெட்டுப் போச்சா? இல்லியேக்கா, எம்பொண்ணு பாத்துச்சே, இன்னும் ரெண்டு வருசம் இருக்குன்னு போட்டுருக்குதாம்."

"இருந்தாலும் வேணாம். போட்டுடு."

"சரிக்கா, சரிக்கா" என்றாள் குஞ்சம்மா. பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்பதற்காகச் சொல்லும் "சரி" அது. ஜெனேவியேவுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தும், சொல்லிவிட்டோம் என்று போனை வைத்தாள். மனசுக்குள் இருந்த வக்கீல் அன்றைக்கு இரண்டாவது வழக்கிலும் ஜெயித்தார்.

புதன் காலை ரெனேவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. கண்ணைத் திறந்து, கஞ்சி வேண்டும் என்றார். அவள் கிண்ணத்தை எடுத்தாள். உடனே கீழே வைத்தாள். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, போதாது என்று மூன்றாம் முறையும் கழுவினாள்.

"எதுக்கு இப்படித் தேய்க்கற, தோலு உரிஞ்சிடப் போவுது" என்றார் ரெனே, அந்த நிலைமையிலும் கேலியாக. அவள் கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனாள். நாலு கரண்டிதான் குடித்தார். அப்போது போன் அடித்தது. குஞ்சம்மா.

"அக்கா, இவருக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து குளுரு தூக்கித் தூக்கிப் போடுது. என்னான்னே தெரியல. மேலு கொதிக்குது, உள்ள நடுங்குது. கம்பளியைப் போத்தி வெச்சிருக்கேன்."

ஜெனேவியேவ் எழுந்து ஜன்னலோரம் போனாள். எதிரே கட்டிலில் அதே கம்பளி, அதே நடுக்கத்தின் மிச்சம்.

"அந்த மாத்திரைய..." என்று ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, தூக்கிப் போடல. நல்ல மருந்தப் போயி எப்படிப் போடறது? அது வயித்துக்குக் கேட்டுச்சுல்ல, இதுக்கும் கேக்கும்னு நேத்து ராவுக்கு ரெண்டு, இப்ப காலையில ரெண்டு, தொறந்து மோருல போட்டுக் குடுத்தேன்."

"ஒடனே இங்க கூட்டிக்கிட்டு வா."

"நாளைக்கு டயாலிசிஸ் இருக்குல்லக்கா, அப்ப வர்றப்ப..."

"நாளைக்கு இல்ல குஞ்சம்மா. இப்ப. ஆட்டோவப் புடி." கத்திவிட்டாள். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் அறை வாசலில் பதினைந்து பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனேவியேவ் யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கைப்பையைத் திறந்து மூன்று பெட்டியையும் மேஜை மேல் வைத்தாள்.

"நான் பொய் சொன்னேங்க டாக்டர்."

அவர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த ஒரு நீளப் பெயரைப் படித்தார். அந்த நல்ல மனிதரின் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபம் வரவில்லை. பயம் வந்தது.

"இத எங்க வெச்சுத் தொறப்பீங்க?"

"கட்டில்கிட்ட. கஞ்சிக் கிண்ணத்துல தட்டிவிடுவேன்."

"கைய?"

"துணியில தொடச்சுப்பேன்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, ஒடம்பு நல்லா இருக்கிறவங்க இதச் சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. மிஞ்சிப் போனா வயிறு உப்பும், காத்துப் பிரியும். உங்க வீட்டுக்காரருக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல, அவரு சாப்பிடவே கூடாது. அதோட, நெஞ்சுவரைக்கும் குழாய் போட்டவங்க பக்கத்துல இந்தக் குப்பியத் தொறக்கவே கூடாது. தூளு கண்ணுக்குத் தெரியாம பறக்கும், கையில ஒட்டும். அந்தக் கை குழாயத் தொட்டா நேரா ரத்தம்தான். வயித்துல நல்லது செய்யறது ரத்தத்துல நல்லது செய்யாது. நேத்தே ஏன் சொல்லல?"

"பயந்துட்டேங்க." அழக்கூடாது என்றுதான் வந்தாள், முடியவில்லை. "இன்னொருத்தருக்கும் குடுத்திருக்கேன். டயாலிசிஸ்க்கு வர்றவரு, கருக்களாச்சேரி கதிரவன். கழுத்துல குழாய். அவருக்கும் குளுர் வந்துடுச்சு. வந்துகிட்டு இருக்காங்க."

டாக்டர் போனை எடுத்து டயாலிசிஸ் பிரிவைக் கூப்பிட்டார். வந்ததும் ரத்தம் எடுக்கணும், அந்தக் கழுத்துக் குழாய எடுக்கணும், மருந்த இப்பவே எடுத்து வைங்க என்று அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டோ வந்தது. கதிரவனை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். வாட்டசாட்டமான மனிதர். கடலில் எத்தனை காற்றைப் பார்த்தவரோ, தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் குழந்தை மாதிரி முட்டியை நெஞ்சோடு மடக்கிக்கொண்டார். ஷஃபீனா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. கதவுக்கு வெளியே குஞ்சம்மா நின்றாள்.

ஜெனேவியேவ் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். லெவ்யூர், தூள், கை, குழாய், ரெனேவின் ரத்தம், நேற்றுக் காலையே தனக்குத் தெரிந்தது, போனில் சொன்னது பொய். எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்துக் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

குஞ்சம்மா அடிக்கவில்லை. ரத்தமெல்லாம் வடிந்த முகத்தோடு சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். இருபது இருக்க வேண்டிய பெட்டி. அட்டையில் இரண்டே இரண்டுதான் மிச்சம்.

"இவ்வளவையும் அவருக்கேவா குடுத்த?" என்றாள் ஜெனேவியேவ். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

குஞ்சம்மா இல்லை என்று தலையாட்டினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பக்கத்து பெட்டுல பூவத்துலேர்ந்து ஒரு டீச்சரம்மா வரும். அதுக்கு ஒரு நாலு. அந்தாண்ட பெட்டு தாத்தாவுக்கு மூணு. பிரான்ஸ் மாத்திர, எங்கக்கா குடுத்துதுன்னு பெருமையாச் சொல்லித்தான் குடுத்தேன். எல்லாருக்கும் கழுத்துல குழாய்க்கா."

ஜெனேவியேவ் எழுந்தாள். குஞ்சம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்கக்கா. உங்க கால்ல வேணாலும் விழறேன். இவரு உள்ள கெடக்கறாரு. நான்தான் குடுத்தேன்னு தெரிஞ்சா இங்க வைத்தியம் பாக்க மாட்டேன்னுடுவாங்க, வாரத்துல ரெண்டு நாளு நான் எங்கக்கா தூக்கிக்கிட்டுப் போவேன்? அவங்களுக்குத்தான் ஒண்ணும் ஆவலியே இன்னும். நானே நாளைக்கு நைசாப் பேசி வாங்கிக்கறேன்."

ஜெனேவியேவுக்கு அந்த வார்த்தை ஒவ்வொன்றும் தெரிந்த வார்த்தையாக இருந்தது. நேற்று முழுக்க அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். இவளைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"நானும் நேத்து இப்படித்தான் நெனச்சேன் குஞ்சம்மா" என்றாள். "அதுக்குள்ள உன் வீட்டுக்காரருக்கு நாலு மாத்திர உள்ள போயிடுச்சு."

குஞ்சம்மாவின் பிடி தளர்ந்தது. ஜெனேவியேவ் தளர்ந்த அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தாள். உள்ளே போனதும், மாத்திரை இன்னும் சிலருக்குப் போயிருக்கிறது என்றாள்; டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, யார் யார் என்று கேட்டார். குஞ்சம்மா அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் பெயர்களைச் சொன்னாள்.